அமெரிக்கப் பழைய அஞ்சல்தலைகள்: அருமையும் விலையும்

1861-ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை ஒரு சென்ட் விலையில் நீல நிற அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. அதில் பெஞ்சமின் பிராங்க்ளினின் பக்கவாட்டு முகம் இருந்தது. கோடிக்கணக்கில் அச்சான அந்த அஞ்சல்தலை இன்றும் அமெரிக்க வியாபாரிகளிடம் கிடைக்கிறது. முத்திரை விழுந்த சுமாரான பிரதிக்குச் சில பத்து டாலர்கள் கொடுத்தால் போதும். அதே படமும் அதே நிறமும் அதே முகமதிப்பும் கொண்ட இன்னொரு பிரதி, 2024 ஜூனில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 43 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 36 கோடி ரூபாய். இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விலை கூடிய பிரதியைத் திருப்பிச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால்தான், தாளில் ஒரு சிறு கட்டத்துக்குள் நுண்ணிய பள்ளங்கள் அழுத்தப்பட்டிருப்பது தெரியும்.

அமெரிக்காவின் 19ஆம் நூற்றாண்டு அஞ்சல்தலைகளைச் சேகரிப்பது இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் கற்றுக்கொள்வதில் தொடங்குகிறது. வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. 170 ஆண்டு பழமையான ஸ்டாம்புகள் பல, ஒரு நல்ல புத்தகத்தின் விலைக்குக் கிடைக்கின்றன. எத்தனை அச்சாயின, எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள், உண்மையானது என்பதற்கு என்ன சான்று என்ற கேள்விகளின் விடைகள் சேர்ந்துதான் விலையாகின்றன. முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை அந்த நாட்டு அஞ்சலின் வரலாற்றில் இருக்கிறது.

1840 மே மாதம் பிரிட்டன் உலகின் முதல் அஞ்சல்தலையை வெளியிட்டபோது, அமெரிக்காவில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் கட்டினார். 1845 மார்ச் 3-இல் நிறைவேறிய சட்டம் இந்தக் கணக்கை எளிமையாக்கியது. அரை அவுன்ஸுக்குள் உள்ள கடிதத்துக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட் என்று ஆனது. ஆனால் அஞ்சல்தலை அச்சிட அந்தச் சட்டம் வழி செய்யவில்லை. ஆகவே நியூயார்க், பால்டிமோர், பிராவிடன்ஸ், செயின்ட் லூயிஸ் முதலிய ஊர்களின் போஸ்ட்மாஸ்டர்கள் தாங்களே அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். இவற்றைப் ‘போஸ்ட்மாஸ்டர் புரவிஷனல்’ என்பார்கள். 1847 வரை நீடித்த இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில்தான் அமெரிக்க அஞ்சல்தலைகளில் மிக அரியவை பல பிறந்தன. நியூயார்க் போஸ்ட்மாஸ்டர் வெளியிட்ட கறுப்பு வாஷிங்டன் இன்றும் ஓரளவு கிடைக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூரான போஸ்கவனின் அஞ்சல்தலையோ உலகில் ஒரே ஓர் உறையின்மேல் மட்டும் இருக்கிறது.

செயின்ட் லூயிஸ் அஞ்சல்தலைகளில் மிசௌரி மாநிலச் சின்னத்தை இரண்டு கரடிகள் தாங்கி நிற்கும். சேகரிப்பாளர்கள் அவற்றைக் ‘கரடிகள்’ என்றே அழைக்கிறார்கள். ஆறே படங்கள் கொண்ட சிறிய செப்புத் தகட்டில் அச்சானவை அவை. விலை மாற வேண்டியிருந்தபோது புதுத் தகடு செய்யாமல், அதே தகட்டில் இருந்த எண்ணைத் திருத்தி வெட்டினார்கள். அதனால் 20 சென்ட் கரடியை உற்றுப் பார்த்தால் அழிக்கப்பட்ட 5-இன் தடம் தெரியும். 1895-இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகர நீதிமன்றத்தில் பழைய காகிதங்களை அப்புறப்படுத்தியபோது, நூற்றுக்கு மேற்பட்ட கரடிகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. அரிய அஞ்சல்தலைகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன. நீதிமன்றக் கட்டுகள், வங்கிகளின் கடிதக் கோப்புகள், வணிக நிறுவனங்களின் பரண்கள் என்று யாரும் தொடாமல் கிடந்த காகிதங்களே அவற்றைக் காத்தன.

ஒரு காதல் கடிதம் காத்துக் கொடுத்ததும் உண்டு. வாஷிங்டனுக்கு அருகிலுள்ள அலெக்சாண்ட்ரியாவின் போஸ்ட்மாஸ்டர் வட்ட வடிவில் 5 சென்ட் அஞ்சல்தலை அச்சிட்டார். எஞ்சியவற்றில் ஒன்று மட்டும் நீலத் தாளில் அச்சானது. மற்றவை வெளிர்மஞ்சள் தாளில் இருக்கின்றன. 1847 நவம்பரில் அந்த ஊர் இளைஞர் ஒருவர் ரிச்மண்டில் இருந்த காதலிக்கு எழுதிய கடிதத்தின் உறையில் அந்த நீல அஞ்சல்தலை ஒட்டப்பட்டிருந்தது. இருவரும் வெவ்வேறு கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் என்பதால் குடும்பத்தில் எதிர்ப்பு இருந்தது. படித்ததும் எரித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எரிக்காமல் தன் தையல் பெட்டியில் வைத்துக்கொண்டார். பின்னர் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1907-இல் அவர்களுடைய மகள் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தார். ‘அலெக்சாண்ட்ரியா புளூ பாய்’ என்று பெயர்பெற்ற அந்த உறை 1981-இல் 10 லட்சம் டாலருக்கும், 2019-இல் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கும் விற்பனையானது.

அமெரிக்கா முழுவதற்குமான முதல் அஞ்சல்தலைகள் 1847 ஜூலை 1-இல் வந்தன. 5 சென்ட் அஞ்சல்தலையில் செம்பழுப்பு நிறத்தில் பிராங்க்ளினும், 10 சென்டில் கறுப்பு நிறத்தில் வாஷிங்டனும் இருந்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ராடன், ரைட், ஹேட்ச் அண்ட் எட்சன் நிறுவனம் அவற்றை அச்சிட்டது. ஓரத்தில் துளைகள் கிடையாது. அஞ்சலக ஊழியரோ வாங்குபவரோ கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். 5 சென்ட் அஞ்சல்தலை 37 லட்சம் அளவிலும், 10 சென்ட் ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் அஞ்சலகங்களுக்குப் போயின. 5 சென்ட் தீர்ந்துபோன இடங்களில் 10 சென்டைக் குறுக்காக வெட்டிப் பாதியை ஒட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாதி, அதன் அசல் உறையிலேயே இருந்தால் முழு அஞ்சல்தலையைவிடப் பல மடங்கு விலை பெறும்.

1851-இல் கட்டணம் குறைந்தது. முன்கூட்டியே பணம் கட்டினால் 3,000 மைல் வரை 3 சென்ட் போதும்; பெறுபவர் கட்டுவதானால் 5 சென்ட். மக்கள் பெருமளவில் அஞ்சல்தலை வாங்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். 1856 முதல் கடிதத்தில் அஞ்சல்தலை ஒட்டுவது கட்டாயமானது. 1851 வரிசையின் ஒரு சென்ட் அஞ்சல்தலை, சேகரிப்பாளர்களுக்கு ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. இருநூறு படங்கள் கொண்ட அச்சுத்தகட்டைத் தயாரித்தபோது, படத்தின் மேலும் கீழும் இருந்த சுருள் அலங்காரங்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் அறுபட்டன. அறுபட்ட விதத்தை வைத்து இந்த ஸ்டாம்பை வகை பிரிக்கிறார்கள். ஓரத் துளை இல்லாதவற்றில் அலங்காரம் முழுமையாக இருக்கும் முதல் வகை, முதல் தகட்டின் ஆரம்ப நிலையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. இருநூறு பிரதிகள் கொண்ட தாளுக்கு ஒன்று வீதம் வந்த அது, அலங்காரம் அறுபட்ட சாதாரண வகைகளைவிட நூறு மடங்குக்கும் மேல் விலை பெறுகிறது.

1857-இல் ஓரத் துளைகள் வந்தன. கத்தரிக்கோல் இல்லாமல் கிழித்தெடுக்க முடிந்தது அஞ்சலகங்களுக்குப் பெரிய வசதி. ஆனால் தகடுகள் துளையிடுவதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. படங்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாததால் துளைகள் பெரும்பாலும் படத்தின் ஓரத்தைக் கடித்துவிட்டன. 1857 முதல் 1861 வரையிலான அஞ்சல்தலைகளில் நாலு பக்கமும் வெள்ளை ஓரம் சமமாக அமைந்த பிரதி அபூர்வமாக இருப்பதும், அதற்கு வாங்குபவர்கள் போட்டிபோடுவதும் இதனால்தான்.

உள்நாட்டுப் போர் தொடங்கியதும் கதை மாறியது. பிரிந்துபோன தென்மாநிலங்களின் அஞ்சலகங்களில் ஏராளமான அஞ்சல்தலைகள் இருப்பில் இருந்தன. அவற்றை வடக்கே விற்றுப் பணமாக்கிவிடுவார்கள் என்று அஞ்சிய அமெரிக்க அரசு, 1861-இல் பழைய அஞ்சல்தலைகள் எல்லாவற்றையும் செல்லாததாக அறிவித்துப் புதிய வடிவங்களை வெளியிட்டது. இந்த முடிவால் விசித்திரமான ஒரு விலைநிலை உருவாயிற்று. 1860 ஆகஸ்டில் வந்த 90 சென்ட் வாஷிங்டன் அஞ்சல்தலைக்குப் பயன்பாட்டில் ஓராண்டுதான் கிடைத்தது. அவ்வளவு கட்டணம் வெளிநாட்டுக்குப் போகும் கனமான கடிதங்களுக்குத்தான் தேவைப்பட்டது. ஆகவே பயன்படாத பிரதிகள் நிறைய மிஞ்சின. அஞ்சலில் உண்மையாகவே போய் முத்திரை வாங்கியவை மிகச் சில. வழக்கமாகப் பயன்படாத அஞ்சல்தலைக்கே விலை அதிகம். இதில் அந்த வழக்கம் தலைகீழாகி, முத்திரை விழுந்த பிரதி பல மடங்கு கூடுதலாக விற்கிறது. பயன்படாத பிரதியில் போலி முத்திரை குத்தி விற்கும் ஏமாற்று வேலையும் இந்த அஞ்சல்தலையில்தான் அதிகம்.

முதலில் சொன்ன பள்ளங்களின் கதை 1867-இல் தொடங்குகிறது. பயன்படுத்திய அஞ்சல்தலைகளின் முத்திரை மையைக் கழுவி மீண்டும் ஒட்டி, அஞ்சல் துறையை மக்கள் ஏமாற்றுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருந்தது. அச்சகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஸ்டீல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். தேங்காய்த் துருவியின் பரப்பைப் போல நுண்ணிய முனைகள் கொண்ட உருளையால் அஞ்சல்தலையை அழுத்தினால் தாளின் இழைகள் உடையும், முத்திரை மை ஆழமாக ஊறும், கழுவினாலும் போகாது. இந்த அழுத்தத் தடத்துக்குக் ‘கிரில்’ என்று பெயர். சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்துவிட்ட இந்த முறை, அதற்குள் பல அளவுகளில் கிரில்களை விட்டுச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஸ்டீவன்சன் அவற்றை அளந்து ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்தினார். 11-க்கு 14 மில்லிமீட்டர் அளவில், மற்றவற்றில் நெடுக்காக இருக்கும் முனைக்கோடுகள் குறுக்காக அமைந்த வகைக்கு ‘இசட்’ என்று பெயரிட்டார்.

ஒரு சென்ட் பிராங்க்ளினில் இசட் கிரில் உள்ள பிரதிகள் இரண்டே இரண்டு. ஒன்றை, மில்வாக்கி வழக்கறிஞரான பெஞ்சமின் மில்லர் தம் தொகுப்போடு 1925-இல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அது இனி எந்த ஏலத்துக்கும் வரப்போவதில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க அஞ்சல்தலைகளை முழுமையாகச் சேர்க்க விரும்பும் எந்தத் தனிமனிதரும் மற்றொரு பிரதிக்காகக் காத்திருக்க வேண்டும். 1998-இல் அது 9 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு ஒரு அஞ்சல்தலை வணிக நிறுவனத்திடம் போனது. 2005-இல் நிதி முதலீட்டாளர் பில் கிராஸ் அதைப் பணம் கொடுத்து வாங்கவில்லை. விமானம் தலைகீழாக அச்சான 1918-ஆம் ஆண்டு அஞ்சல்தலைகளின் நான்கு பிரதிக் கட்டைக் கொடுத்துப் பண்டமாற்றாகப் பெற்றார். அந்தக் கட்டை அவர் சில நாட்களுக்கு முன்புதான் 29 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார். அந்தப் பண்டமாற்றோடு அவருடைய 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு முழுமையடைந்தது. ஒரு தொகுப்பின் கடைசி வெற்றிடத்தை நிரப்பும் ஒரே பொருள் என்ற நிலைதான் இந்த ஒரு சென்ட் அஞ்சல்தலையை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனது. உலகில் ஒன்றிரண்டே எஞ்சியும் யாரும் தேடாத காகிதங்கள் எத்தனையோ உண்டு.

1869-இல் வந்த வரிசை அமெரிக்க அஞ்சல்தலைகளிலேயே அழகானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதுவரை தலைவர்களின் முகங்களே வந்துகொண்டிருந்தன. இந்த வரிசையில் ரயில் எஞ்சின், குதிரையில் விரையும் அஞ்சல்காரர், கப்பல், கொலம்பஸ் கரையிறங்கும் காட்சி, சுதந்திரப் பிரகடனம் ஆகியவை இடம்பெற்றன. அன்றைய மக்களுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே மறுபடி முகங்கள் வந்துவிட்டன. உயர்ந்த மதிப்புள்ள அஞ்சல்தலைகள் இரண்டு நிறங்களில் அச்சாயின. ஒரு நிறம் முடிந்ததும் தாளை மீண்டும் எந்திரத்தில் வைக்க வேண்டும். தாளைத் திருப்பி வைத்துவிட்டால் சட்டம் ஒரு பக்கமும் படம் தலைகீழாகவும் விழும். 15, 24, 30 சென்ட் அஞ்சல்தலைகளில் இந்தப் பிழை நேர்ந்து, சில தாள்கள் அஞ்சலகங்கள் வழியே வெளியே வந்துவிட்டன. பெரும்பாலானவை கடிதங்களில் ஒட்டப்பட்டு முத்திரை வாங்கின. பயன்படாமல் எஞ்சிய பிரதிகள் ஒவ்வொரு மதிப்பிலும் விரல்விட்டு எண்ணும் அளவே.

1870 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நேஷனல், கான்டினென்டல், அமெரிக்கன் என்ற மூன்று ‘பேங்க் நோட்’ நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தம் பெற்றன. படங்கள் ஏறக்குறைய மாறவில்லை. யார் அச்சிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் காலத்து அஞ்சல்தலைகளின் சவால். 1873-இல் பொறுப்பேற்ற கான்டினென்டல், தன் அச்சுகளில் மறைமுகக் குறிகளைச் சேர்த்தது. ஒரு சென்டில் ‘1’ என்ற எண்ணுக்கு இடப்பக்கம் உள்ள முத்துக்குள் சிறு பிறைக்கோடு இருக்கும். பின்னர் வந்த அமெரிக்கன் நிறுவனம் மென்மையான தாளைப் பயன்படுத்தியது. விரலால் லேசாகச் சுண்டினால் எழும் ஒலியிலேயே அனுபவசாலிகள் அதைக் கண்டுகொள்வார்கள். 24 சென்ட் அஞ்சல்தலையில் குறி எதுவும் இல்லாததால் கான்டினென்டல் அச்சைத் தனியே அடையாளம் காண வழியில்லாமல் இருந்தது. அந்த நிறுவனம் மட்டும் பயன்படுத்திய வரிவரியான தாளில் அச்சான ஒரே ஒரு பிரதிதான் உறுதி செய்யப்பட்டிருக்கிறது.

நூற்றாண்டின் இறுதியில் அஞ்சல் துறையே சேகரிப்பாளர்களை எண்ணத் தொடங்கியது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, கொலம்பஸின் பயணத்தைச் சித்திரிக்கும் 16 அஞ்சல்தலைகள் வெளியாயின. அப்போது போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்தவர் பிலடெல்பியாவின் பெரிய கடை முதலாளியான ஜான் வனமேக்கர். ஒரு சென்டில் தொடங்கி 5 டாலர் வரை போன அந்த வரிசையை முழுதாக வாங்க 16 டாலர் 34 சென்ட் ஆனது. 5 டாலர் அஞ்சல்தலை எந்தக் கடிதத்துக்கும் தேவைப்படாதது என்று கண்டனம் எழுந்தது. அது 27,350 பிரதிகளே வெளியானது. 2 சென்ட் கொலம்பஸோ 146 கோடிக்கும் மேல் அச்சானது. இன்று முன்னது ஆயிரக்கணக்கான டாலர். பின்னது ஒரு தேநீரின் விலை. ஒரு சென்டில் நிலத்தைக் காணும் கொலம்பஸுக்குத் தாடி இல்லை. 2 சென்டில் கரையிறங்கும்போது தாடி இருக்கிறது. வெவ்வேறு ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கியதால் நேர்ந்த முரண் இது. 1898-இல் ஒமாஹா கண்காட்சிக்கு வந்த ஒன்பது அஞ்சல்தலைகளில் ஒரு டாலர் மதிப்புள்ளது, பனிப்புயலில் நிற்கும் மாட்டுமந்தையைக் காட்டுகிறது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பலர் அதைத் தங்கள் நாட்டின் மிகச் சிறந்த செதுக்கு வேலையாகக் கருதுகிறார்கள். அந்தக் காட்சி ஜான் மக்விர்ட்டர் என்ற ஸ்காட்லாந்து ஓவியரின் படத்திலிருந்து எடுக்கப்பட்டது.

எந்த அஞ்சல்தலை என்பது தெரிந்தபின் அதன் நிலை விலையை முடிவுசெய்கிறது. துளையில்லாத காலத்து அஞ்சல்தலையில் நாலு பக்கமும் படத்தைத் தொடாமல் வெள்ளை ஓரம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கத்தரிக்கோல் படத்துக்குள் புகுந்திருந்தாலே விலை பாதிக்குக் கீழே போகும். துளையுள்ளவற்றில் படம் நடுவில் அமைந்திருக்க வேண்டும். பற்கள் எதுவும் குட்டையாகவோ உடைந்தோ இருக்கக்கூடாது. நிறம் வெளிறாமல் இருக்க வேண்டும். முத்திரை படத்தை மூடாமல் இருந்தால் நல்லது. பின்பக்கத்தில் தாள் மெலிந்த இடம், மடிப்பு, கிழிசல், ஊசித்துளை ஆகியவை கண்ணுக்குப் புலப்படாத குறைகள். கறுப்புத் தட்டில் அஞ்சல்தலையைக் கவிழ்த்து வைத்து அதற்கென்று உள்ள திரவத்தின் சில சொட்டுகளை விட்டால், இந்தக் குறைகள் கருமையாகத் தெரியும். 1895-க்குப் பிறகு தாளில் இடப்பட்ட யு.எஸ்.பி.எஸ். என்ற நீர்க்குறியையும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

பயன்படாத அஞ்சல்தலைகளில் பசை பெரிய விஷயம். 19ஆம் நூற்றாண்டில் யாரும் பசையைப் பொருட்படுத்தவில்லை. பசையை நனைத்து நேராகவே ஆல்பத்தில் ஒட்டினார்கள். பின்னர் ஹிஞ்ச் என்ற சிறு ஒட்டுத்தாள் வந்தது. அதுவும் பின்பக்கத்தில் தடம் விட்டது. ஆகவே அஞ்சலகத்திலிருந்து வந்த அன்றிருந்த பசை கெடாமல் இருக்கும் பழைய அஞ்சல்தலைகள் மிகக் குறைவு. அந்தப் பசைக்காக மட்டும் சிலர் பல மடங்கு கொடுக்கிறார்கள். எதிர்பார்க்கக்கூடியதே, புதிதாகப் பசை தடவி விற்கும் தொழிலும் வளர்ந்தது. படத்தின் அழகும் அச்சின் கூர்மையும் முன்பக்கத்தில் இருக்க, பின்பக்கப் பசைக்கு இவ்வளவு கொடுப்பது தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்குத் தேவையற்றது. பசை போன நல்ல பிரதி, அதே பணத்துக்கு அதைவிட அரிய ஒன்றை வாங்க இடம் கொடுக்கும்.

உறையோடு இருக்கும் அஞ்சல்தலை வேறொரு உலகம். எங்கிருந்து எங்கே போனது, எந்த நாளில், எந்தக் கப்பலில், எவ்வளவு கட்டணத்தில் என்பதெல்லாம் உறையின்மேல் எழுதியிருக்கிறது. முந்தைய தலைமுறைச் சேகரிப்பாளர்கள் உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து அஞ்சல்தலையை மட்டும் எடுத்துக்கொண்டு உறையை எறிந்தார்கள். அவ்வாறு அழிந்த வரலாறு திரும்பி வராது. பழைய உறை கையில் கிடைத்தால் அஞ்சல்தலையைப் பிரிக்கவே கூடாது. முத்திரைகளும் சேகரிப்புக்குரியவை. கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியில் அஞ்சலக ஊழியராக இருந்த ஜான் ஹில், கார்க் கட்டையில் பூ, முகம், விலங்கு என்று செதுக்கி முத்திரை குத்தினார். ஓடும் கோழியின் வடிவிலுள்ள அவரது முத்திரை, சாதாரண 3 சென்ட் அஞ்சல்தலை ஒட்டிய உறைகளைப் பெரும் பொருளாக்கிவிட்டது.

இந்தியாவோடு தொடர்புள்ள உறை ஒன்று உண்டு. 1869 வரிசையின் 90 சென்ட் லிங்கன் அஞ்சல்தலை உறையோடு எஞ்சியிருப்பது உலகில் அது ஒன்றே. 1873 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து கல்கத்தா ஐஸ் ஹவுஸ் முகவரிக்கு அது அனுப்பப்பட்டது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ் பாளங்களைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவந்தார். அந்த வணிகத்தின் சேமிப்புக் கிடங்குகளே ஐஸ் ஹவுஸ்கள். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸும் அந்த வணிகத்துக்காக 1842-இல் எழுந்தது. கல்கத்தாவுக்குப் போன அந்த உறையில் 1 டாலர் 12 சென்ட் கட்டணத்துக்கு 90 சென்ட் லிங்கனோடு 12 சென்ட், 10 சென்ட் அஞ்சல்தலைகளும் ஒட்டப்பட்டிருக்கின்றன. 1967-இல் இண்டியானாபோலிஸில் ஒரு சேகரிப்பாளரின் வீட்டிலிருந்து அது களவுபோனது. 2006-இல் சிகாகோவில் மீண்டும் கிடைத்தது. இவ்வளவு பிரபலமான பொருளைத் திருடியவர் வெளிப்படையாக விற்கவே முடியாது என்பதுதான் அது அழியாமல் திரும்பியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

போலிகளைப் பற்றித் தெரியாமல் இந்தத் துறையில் பணம் போடுவது ஆபத்து. முழுதாகப் புதிதாக அச்சடித்த போலிகளைவிட, உண்மையான மலிவு அஞ்சல்தலையைத் திருத்தி விலையுயர்ந்ததாக்கும் வேலைதான் அதிகம். 1857-ஆம் ஆண்டு அஞ்சல்தலையின் பற்களை நறுக்கினால் 1851-ஆம் ஆண்டினது போலத் தோன்றும். பேனாக் கோட்டால் ரத்துசெய்யப்பட்ட 1847 அஞ்சல்தலையின் மையை வேதிப்பொருளால் போக்கிப் பயன்படாததாக விற்பார்கள். சாதாரண அஞ்சல்தலையின் முதுகில் போலிக் கிரில் அழுத்துவார்கள். அரசே செய்த மறுபதிப்புகளும் குழப்பம் தரும். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியை ஒட்டி, பழைய அஞ்சல்தலைகளை அஞ்சல் துறை மீண்டும் அச்சிட்டு விற்றது. 1847 அஞ்சல்தலைகளுக்குப் புதிய அச்சே செதுக்கினார்கள். அசல் 5 சென்டில் பிராங்க்ளினின் சட்டை மடிப்பின் இடப்பக்கம், கீழேயுள்ள ஆங்கில ‘ஃபைவ்’ என்ற சொல்லின் முதல் எழுத்து உச்சிக்கு நேராக நீள்வட்டத்தைத் தொடும். மறுபதிப்பில் 5 என்ற எண்ணின் உச்சிக்கு நேராகத் தொடும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆகவே நூறு டாலருக்கு மேற்பட்ட எதற்கும் சான்றிதழ் கேட்பது நல்ல பழக்கம். நியூயார்க்கில் 1945-இல் தொடங்கிய ஃபிலேட்டெலிக் ஃபவுண்டேஷனும், 1886 முதல் இயங்கும் அமெரிக்கன் ஃபிலேட்டெலிக் சொசைட்டியும் கட்டணம் பெற்று அஞ்சல்தலையைப் பரிசோதித்து, புகைப்படத்தோடு சான்றிதழ் தருகின்றன. சான்றிதழ் எந்த ஆண்டினது என்பதையும் பார்க்க வேண்டும். பரிசோதனைக் கருவிகள் வளர்ந்துவிட்டதால், பழைய சான்றிதழில் குறையற்றது என்று வந்த அஞ்சல்தலை, இன்றைய பரிசோதனையில் ஒட்டுப்போட்டதாகத் தெரியவருவதுண்டு.

விலைக்கு முதல் துணை ஸ்காட் கேட்லாக். ஜான் வால்டர் ஸ்காட் 1868-இல் தொடங்கிய விலைப்பட்டியல் இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. அமெரிக்க அஞ்சல்தலைகளுக்கென்று தனித் தொகுதியும் உண்டு. வணிகர்களும் ஏல நிறுவனங்களும் அதிலுள்ள வரிசை எண்ணால்தான் அஞ்சல்தலைகளைக் குறிப்பிடுகிறார்கள். அந்த விலை, ‘வெரி ஃபைன்’ என்ற தரத்திலுள்ள குறையற்ற பிரதியைக் கடையில் வாங்கும்போது ஆகும் விலை. அதைவிடத் தாழ்ந்த பிரதி அதில் ஒரு சிறு பங்குக்கே போகும். மிகச் சிறந்த பிரதி பல மடங்கு தாண்டும். நடப்பு நிலவரம் ஏல முடிவுகளில்தான் தெரியும். ஏலத்தில் கேட்ட தொகையோடு வாங்குபவர் கட்டணமும் சேரும் என்பதை மறக்கக்கூடாது. 2024-இல் இசட் கிரில் சுத்தியல் விழுந்தது 37 லட்சம் டாலரில். மீதி 6 லட்சத்து 66 ஆயிரம், 18 சதவீதக் கட்டணம். விற்கப் போகிறவருக்குக் கணக்கு எதிர்த்திசையில் ஓடும். கேட்லாக் விலை ஆயிரம் டாலர் என்றால் வணிகர் ஆயிரம் தரமாட்டார். அவருடைய லாபமும் அஞ்சல்தலையின் குறைகளும் போக எஞ்சுவதே கைக்கு வரும். முதலீடு என்று எண்ணி இறங்கியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைந்தது இந்த இடைவெளியால்தான்.

தொடங்குகிறவருக்கு 1851-ஆம் ஆண்டின் 3 சென்ட் வாஷிங்டனைப் போல நல்ல பொருள் வேறில்லை. மிகுதியாக அச்சானது, விலை குறைவு. ஒவ்வொரு பிரதியும் தகட்டில் எந்த இடத்தில் அச்சானது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். மருத்துவரான கேரல் சேஸ், துளையில்லாத 3 சென்டின் 2,600 தகட்டு இடங்களையும் பல்லாண்டு உழைப்பில் அடையாளம் கண்டு 1929-இல் நூலாக வெளியிட்டார். சிறு கீறல், இரட்டைக்கோடு, மீண்டும் செதுக்கிய ஓரம் என்று அவர் பதிந்துவைத்த அடையாளங்களை வைத்துக்கொண்டு, ஒரு உருப்பெருக்கியும் சில டாலர் மதிப்புள்ள பிரதிகளும் இருந்தால் யாரும் அந்த ஆய்வைத் தொடரலாம். ஒரே ஊரின் முத்திரைகள், ஒரே ஆண்டின் நிறச் சாயல்கள் என்றும் தொகுக்கலாம். 1851-இன் ஆரம்பத்தில் அச்சான ஆரஞ்சு கலந்த பழுப்பு, பின்னர் வந்த மங்கிய சிவப்பைவிட விலை கூடியது. இரண்டையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். அதற்குத் தேதி தெளிவாக உள்ள உறைகளோடு ஒப்பிடுவதே நல்ல பயிற்சி.

பாதுகாப்பில் கைவிரலின் ஈரமும் எண்ணெயும் முதல் எதிரி. இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். நேரடி வெயில் நிறத்தை வெளிறச் செய்யும். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். அமிலமில்லாத தாளும், அஞ்சல்தலைகளுக்கென்றே செய்த வேறு பிளாஸ்டிக் உறைகளும் ஏற்றவை. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் பசையுள்ள அஞ்சல்தலைகள் தாமாகவே தாளோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சையும் பழுப்புப் புள்ளிகளும் வரும். ஆல்பங்களைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்து, இடையிடையே திறந்து காற்றாட விடுவது அவசியம். ஒவ்வொரு அஞ்சல்தலைக்கும் வாங்கிய நாள், விலை, விற்றவர், முன்பு யாருடைய தொகுப்பில் இருந்தது, சான்றிதழ் எண் ஆகியவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, முன்பின் இரு பக்கங்களின் படத்தோடு வைத்திருக்க வேண்டும். களவுபோனால் அடையாளம் காட்டவும், பின்னாளில் ஏலத்துக்கு அனுப்பும்போது அதன் பின்னணியை நிறுவவும் அந்தக் குறிப்பேடு தேவைப்படும்.